ஐரோப்பிய அரசியலையும் பொருளாதாரத்தையும் சேர்த்துப் படிப்பது எப்படி? முதுகலை முதலாண்டு மாணவியின் கேள்வி

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் பொருளாதாரத்தில் இளங்கலை முடித்துவிட்டு, கடந்த செப்டம்பர் முதல் நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய அரசியலும் பொருளாதாரமும் சேர்ந்த முதுகலைப் படிப்பில் இருக்கிறேன். வங்கிக் கடன் எடுத்து, அம்மாவின் நகையையும் அடகு வைத்து என்னை இவ்வளவு தூரம் அனுப்பியிருக்கிறார்கள். படிப்பை மேலோட்டமாக முடித்து ஒரு சான்றிதழோடு திரும்புவதற்கு எனக்கு மனமில்லை. அதனால்தான் இதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

திங்களும் புதனும் அரசியல் வகுப்பு. அங்கே 1950 மே 9-ஆம் நாள் பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் ரோபேர் ஷூமான் ஐரோப்பிய ஒன்றிணைப்புக்கு அடிகோலி விடுத்த அறிவிப்பில் தொடங்கி, 1965-இல் பிரான்ஸ் தன் இருக்கையைக் காலியாக விட்டு ஆறு மாதங்களுக்கு மேல் ஐரோப்பியச் சமூகத்தின் கூட்டங்களைப் புறக்கணித்தது வரை படித்துவிட்டோம். ஒரு துறையில் ஒன்றிணைந்த நாடுகள் அடுத்த துறையிலும் ஒன்றிணையத் தள்ளப்படும் என்ற எர்ன்ஸ்ட் ஹாஸின் கொள்கையையும், அரசுகள் தங்கள் உள்நாட்டு நலன்களைக் கணக்கிட்டுப் பேரம் பேசியதன் விளைவே ஐரோப்பிய ஒன்றியம் என்ற ஆண்ட்ரூ மொராவ்சிக்கின் வாதத்தையும் எதிரெதிராக வைத்து விவாதிக்கிறோம். செவ்வாயும் வியாழனும் பொருளாதார வகுப்பு. அங்கே எந்த நாடுகள் ஒரே நாணயத்தைப் பகிரலாம் என்று ஆராய்ந்து ராபர்ட் மண்டெல் 1961-இல் முன்வைத்த பொது நாணயப் பரப்புக் கோட்பாடு, வட்டி விகிதம், பணவீக்கம், வரைபடங்கள். இந்த வகுப்பில் கற்றது அந்த வகுப்பின் வாசலைத் தாண்டுவதே இல்லை.

இந்தப் பருவத்திற்கு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் யூரோ நாணயத்துக்கும் அடித்தளமிட்ட மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தின் 3 சதவீதப் பற்றாக்குறை வரம்பைப் பற்றி 4,000 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். முன்வரைவைக் கொடுத்தேன். முதல் பாதியில் ஒப்பந்தம் எப்படி உருவானது என்ற வரலாறும், பின்பாதியில் பற்றாக்குறையும் கடனும் வட்டியும் எப்படி ஒன்றோடொன்று தொடர்புடையவை என்ற விளக்கமும் இருந்தன. திரும்பி வந்த தாளில், இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "இவை இரண்டு கட்டுரைகள்" என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அந்தக் கோட்டை மூன்று நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வது சரி என்று தெரிகிறது. ஆனால் இரண்டையும் எந்த இடத்தில் இணைப்பது என்று தெரியவில்லை.

இந்தத் துறையில் படித்தவர்களும் பணியாற்றுபவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன். பிரெஞ்சோ ஜெர்மனோ கற்க வேண்டுமா, இந்தியக் குடியுரிமையோடு இந்தப் படிப்பை வைத்து என்ன வேலை தேட முடியும் என்பவற்றையும் நேரம் இருந்தால் சொல்லுங்கள்.

கொல்லிமலை (பதில்)

வைகைக்கரை அவர்களுக்கு வணக்கம். நான் 1990-களின் இறுதியில் ஜெர்மனியில் பொருளாதாரம் படித்தவன். இப்போது கோவையில் ஒரு கல்லூரியில் பன்னாட்டுப் பொருளாதாரம் கற்பிக்கிறேன். உங்கள் பேராசிரியர் இழுத்த அதே கோட்டை என் மாணவர்களின் தாள்களில் நானும் ஆண்டுதோறும் இழுக்கிறேன், ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் எடுத்துக்கொண்ட 3 சதவீதத்தையே பார்ப்போம். இந்த எண்ணின் பிறப்பிடம் மாஸ்ட்ரிக்ட் அன்று. 1981-இல், பிரான்சுவா மித்தரான் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற புதிதில், அமைச்சர்கள் ஒவ்வொருவரும் புதுப்புதுச் செலவுகளோடு வந்து நிற்க, அவர்களைத் தடுத்து நிறுத்துவதற்கு எளிமையான ஒரு விதி வேண்டும் என்று பிரான்ஸின் பட்ஜெட் துறை அதிகாரிகளிடம் கேட்கப்பட்டது. கி அபெய், ரோலான் த வில்பான் என்ற இரண்டு இளம் அதிகாரிகள் பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டு 3 சதவீதம் என்ற வரம்பைச் சொன்னார்கள். அதற்குப் பின்னால் எந்தப் பொருளாதாரக் கோட்பாடும் இல்லை என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அபெய் தாமே வெளிப்படையாகச் சொன்னார். உள்நாட்டில் அமைச்சர்களைக் கட்டுப்படுத்தப் பிறந்த எண், பத்து ஆண்டுகள் கழித்து நாடுகளைக் கட்டுப்படுத்தும் எண்ணாக ஒப்பந்தத்தின் இணைப்பு நெறிமுறையில் ஏறியது.

ஆனால் கோட்பாடு இல்லை என்பதால் கணக்கும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு நாட்டின் உற்பத்தி 100, கடன் ஒப்பந்தம் குறித்த வரம்பான 60 என்று வையுங்கள். விலைவாசி உயர்வையும் சேர்த்து உற்பத்தி ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தால் அடுத்த ஆண்டு அது 105 ஆகும். 105-இல் 60 சதவீதம் 63. அதாவது அந்த அரசு ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கூடுதலாகக் கடன் வாங்கினாலும் கடன் விகிதம் 60 சதவீதத்திலேயே நிற்கும். 60-உம் 3-உம் ஒன்றுக்கொன்று பொருந்துவது இப்படித்தான். 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகளின் சராசரிக் கடன் 60 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 5 சதவீத வளர்ச்சியும் அன்றைக்கு நம்பக்கூடியதாக இருந்தது. இப்போது வளர்ச்சியை 2 சதவீதம் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். கடன் 60-இல் நிற்க வேண்டுமானால் பற்றாக்குறை 1.2-ஐத் தாண்டக் கூடாது என்று வரும். கணக்கின் அடிப்படை மாறிய பிறகும் எண் அப்படியே நின்றதற்கு என்ன காரணம் என்று கேட்கும் இடத்தில்தான் பொருளாதார வகுப்பிலிருந்து அரசியல் வகுப்பிற்குப் போகும் கதவு திறக்கிறது.

அடுத்து, ஒப்பந்தத்தின் சொற்களை உள்ளபடியே வாசியுங்கள். பாடநூலின் சுருக்கம் போதாது. கடன் 60 சதவீதத்தைத் தாண்டினாலும், அது போதுமான அளவு குறைந்துகொண்டும், திருப்தியான வேகத்தில் வரம்பை நெருங்கிக்கொண்டும் இருந்தால் குற்றமில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. போதுமான அளவு எது, திருப்தியான வேகம் எது என்று யார் தீர்மானிப்பது? 1998 மே மாதத்தில் யூரோவின் முதல் 11 உறுப்பு நாடுகளைத் தேர்ந்தெடுத்தபோது இத்தாலியின் கடனும் பெல்ஜியத்தின் கடனும் 100 சதவீதத்திற்கு மேல் இருந்தன. இரண்டும் உள்ளே சேர்க்கப்பட்டன. ஒன்றியத்தைத் தொடங்கிய ஆறு நாடுகளில் இரண்டை வெளியே நிறுத்திவிட்டுப் பொது நாணயம் தொடங்க யாருக்கும் துணிவில்லை.

உங்கள் கட்டுரைக்கு நான் பரிந்துரைப்பது 2003 நவம்பர் 25 என்ற ஒரே நாளை. மாஸ்ட்ரிக்ட் வரம்புகளுக்குப் பல் வைத்த நிலைத்தன்மை ஒப்பந்தத்தை 1990-களில் வற்புறுத்திக் கேட்டுப் பெற்றது ஜெர்மனி. அதே ஜெர்மனியும் பிரான்ஸும் 2002-இலும் 2003-இலும் 3 சதவீதத்தைத் தாண்டின. அபராதத்தை நோக்கிய அடுத்த படிக்கு இருவரையும் நகர்த்த வேண்டும் என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் பரிந்துரைத்தது. நிதியமைச்சர்கள் கூடினார்கள். விதிப்படி, யூரோ நாடுகள் மட்டும் வாக்களிக்கலாம். சம்பந்தப்பட்ட நாடு தன் விவகாரத்தில் வாக்களிக்க முடியாது. மூன்றில் இரண்டு பங்கு எடையுள்ள வாக்குகள் வேண்டும்.

ஒரு தாளை எடுத்து அன்றைய எடைகளை எழுதுங்கள். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி தலா 10. ஸ்பெயின் 8. நெதர்லாந்து, பெல்ஜியம், கிரீஸ், போர்ச்சுகல் தலா 5. ஆஸ்திரியா 4. பின்லாந்து, அயர்லாந்து தலா 3. லக்சம்பர்க் 2. மொத்தம் 70. ஜெர்மனியின் விவகாரம் வரும்போது அதன் 10 வாக்குகள் போக 60 மிஞ்சும். அதில் மூன்றில் இரண்டு 40. ஆணையத்தின் பரிந்துரையைத் தடுக்க 21 வாக்குகள் போதும். பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் சேர்த்தே 20. அவர்களோடு லக்சம்பர்க் சேர்ந்தால்கூடப் போதும். பிரான்ஸின் விவகாரத்திலும் இதே கணக்கு, ஜெர்மனி வாக்களிக்கும் இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். தன் வழக்கில் வாக்கில்லாத இருவரும் அடுத்தவர் வழக்கில் வாக்குடையவர்களாக இருந்தார்கள். ஆணையத்தின் பரிந்துரைக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வந்த, நடவடிக்கையை நிறுத்திவைக்கும் தீர்மானத்தை ஆஸ்திரியா, பின்லாந்து, நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகிய நான்கும் எதிர்த்தன. அவற்றின் வாக்குகளைக் கூட்டினால் 20. தீர்மானத்தை ஆதரித்த பக்கம் மிஞ்சுவது சரியாக 40.

நம் நாட்டிலிருந்து போன மாணவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, முடிவுக்கு வேண்டியது நான்கில் மூன்று. மாநிலங்கள் அனைத்தும் ஒன்று சேர்ந்தாலும் டெல்லியின் சம்மதமின்றி எதையும் நிறைவேற்ற முடியாது என்பதை இந்த எடைகளே சொல்லிவிடும். வாக்கு எடை என்பது நடைமுறை விவரம் அன்று, அதிகாரமே அதுதான் என்று நமக்கு எளிதில் விளங்கும். ஆனால் ஒப்புமையை இதற்கு மேல் இழுக்காதீர்கள். தமிழ்நாட்டில் தொழில் படுத்தாலும் மத்திய வரிகளில் நிதிக்குழு குறித்த பங்கு வந்துகொண்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்ஜெட்டோ உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 1 சதவீதம்தான். நாணயம் பொது, கருவூலம் தனித்தனி. மண்டெலின் கோட்பாட்டை மீண்டும் எடுத்து இந்த வரியோடு சேர்த்து வாசியுங்கள்.

பாசையூரான் (பதில்)

தங்கச்சிக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், ஒஸ்லோவில் அரசறிவியல் படித்து இங்கேயே வேலை செய்கிறேன். கொல்லிமலை ஐயா ஒன்றியத்தின் உள்விவகாரத்தைச் சொல்லிவிட்டார். நான் வெளியிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன், ஏனெனில் ஐரோப்பாவின் அரசியலும் பொருளாதாரமும் வேறு வேறு அல்ல என்பதை எனக்கு முதலில் காட்டியது பல்கலைக்கழகம் அல்ல, ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகைதான்.

2005-ஆம் ஆண்டு, கடற்கோளுக்குப் பிறகு, இலங்கைக்கு இந்தச் சலுகை கிடைத்தது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி ஆகியவை பற்றிய 27 சர்வதேசச் சாசனங்களை ஏற்று நடைமுறைப்படுத்தினால், பெரும்பாலான பொருட்கள் வரியின்றி ஐரோப்பியச் சந்தைக்குள் போகலாம். எங்கள் நாட்டைப் பொறுத்தவரை அதன் பொருள் ஆடை. போரின் இறுதிக் கட்டத்திற்குப் பிறகு, குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, சிறுவர் உரிமை ஆகிய மூன்று சாசனங்களையும் இலங்கை செயற்படுத்தவில்லை என்று ஆணையம் விசாரித்து முடிவுக்கு வந்தது. எழுத்தில் உறுதிமொழி கேட்டது, கொழும்பு மறுத்தது, 2010 ஓகஸ்ட் 15-இல் சலுகை நிறுத்தப்பட்டது. பூச்சியமாக இருந்த வரி ஆடைகளுக்கு 9.6 சதவீதம் வரை ஏறியது. 2017 மே மாதத்தில்தான் சலுகை திரும்பக் கிடைத்தது.

என் மச்சாள் ஒருத்தி அப்போது கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தில் தையல் வரிசை ஒன்றில் இருந்தாள். சட்டைக் கழுத்துப்பட்டி தைப்பது அவளுடைய வேலை, நாளொன்றுக்கு இத்தனை என்று இலக்கு. மேலதிக நேர வேலை குறைந்தபோது வீட்டுக்கு அனுப்பும் பணமும் குறைந்தது. நாங்கள் வீட்டில் இதைப் பேசும்போது மிகவும் சங்கடப்பட்டோம். எங்கள் மக்களுக்கு நடந்ததற்கு ஒரு பெரிய சந்தையாவது கேள்வி கேட்டதே என்ற எண்ணம் ஒருபக்கம். அதன் விலையைக் கொடுப்பவர்களில் எங்கள் பிள்ளையும் அவளுடைய சிங்களத் தோழிகளும் இருக்கிறார்களே என்ற கவலை மறுபக்கம். இதற்கு இன்றுவரை எனக்குத் தெளிவான விடை இல்லை. ஆனால் வரி அட்டவணையில் இருக்கும் ஓர் எண்ணுக்குள் சாசனம், விசாரணை, தூதரகப் பேச்சு, ஒரு பெண்ணின் சம்பளம் எல்லாம் இருக்கின்றன என்பதை அன்றைக்கே கண்டுகொண்டேன். வணிகக் கொள்கை ஒன்றியத்தின் தனி அதிகாரத்திற்கு உட்பட்டது, அதனால்தான் இத்தகைய முடிவை பிரஸ்ஸல்ஸ் எடுக்க முடிகிறது. வெளியுறவுக் கொள்கையில் ஒவ்வொரு நாடும் ஒப்ப வேண்டும். வெளியுறவில் செய்ய முடியாததை ஒன்றியம் சந்தையைக் கொண்டு செய்யப் பார்க்கிறது. இந்தக் கோணத்தை உங்கள் விரிவுரையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வாழும் நோர்வே 1972-இலும் 1994-இலும் மக்கள் வாக்கெடுப்பில் ஒன்றியத்தை நிராகரித்த நாடு. ஆனாலும் 1994 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பில் சேர்ந்து, தனிச்சந்தையின் விதிகளை ஏற்று நடக்கிறது. அந்த விதிகளை இயற்றும் மேசையில் அதற்கு வாக்கில்லை. உங்கள் நெதர்லாந்து வகுப்பில் இந்த நாட்டைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். நீங்களாகப் படியுங்கள்.

ஏட்டுச்சுவடி (பதில்)

அன்புள்ள தங்கைக்கு, உங்கள் முன்வரைவில் விழுந்த பென்சில் கோட்டைப் பற்றி வாசித்ததும் என் ஆய்வேட்டின் நினைவு வந்தது. நான் பெல்ஜியத்தில் முதுகலை முடித்துவிட்டு, இப்போது அங்கேயே ஓர் ஆய்வு நிறுவனத்தில் பொதுநிதிப் புள்ளிவிவரங்களோடு வேலை செய்கிறேன்.

என் ஆய்வேடு கிரீஸைப் பற்றியது. 2010 மே மாதத்தில் யூரோ நாடுகளும் சர்வதேச நாணய நிதியமும் 110 பில்லியன் யூரோ கடனுக்கு ஒப்புக்கொண்டன. அந்த முடிவை எடுத்தவர்கள் ஏன் அவ்வளவு கடுமையான நிபந்தனைகளை விதித்தார்கள் என்பது என் கேள்வி. புள்ளிவிவரத் தளத்திலிருந்து 2009-ஆம் ஆண்டின் பற்றாக்குறையைத் தரவிறக்கம் செய்து, 15 சதவீதத்துக்கு மேல் என்று எழுதி, அதன் மேல் நாற்பது பக்க வாதத்தைக் கட்டினேன். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் ஒருவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "2010 மே மாதத்தில் அமைச்சர்களின் கையில் இருந்த எண் எது?" எனக்கு விடை தெரியவில்லை. ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான்கு மாதங்கள் கூடுதலாக உழைத்துத்தான் பட்டம் பெற்றேன். அன்று விடுதிக்குத் திரும்பி அழுதேன் என்றாலும், அந்தக் கேள்விக்கு இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

விடை இதுதான். 2009-ஆம் ஆண்டுக்கான கிரீஸின் பற்றாக்குறை, அந்த ஆண்டின் வசந்தத்தில் 3.7 சதவீதம் என்று மதிப்பிட்டு அனுப்பப்பட்டது. அக்டோபரில் ஆட்சி மாறியதும் 12.5 என்று திருத்தப்பட்டது. 2010 ஏப்ரலில் 13.6. அந்த ஆண்டு நவம்பரில் 15.4. ஒரே நாடு, ஒரே ஆண்டு, நான்கு எண்கள். மே மாதத்தில் மேசையில் இருந்தது 13.6, அதையும் உயர்த்த வேண்டியிருக்கலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே இருந்தது. பின்னால் வந்த எண்ணைக் கொண்டு முன்னால் நடந்த முடிவை விளக்கியது என் பிழை. உறுப்பு நாடுகள் தங்கள் கணக்கை ஆண்டுக்கு இருமுறை அனுப்புகின்றன, ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் அவற்றை ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியிடுகிறது. ஆகவே 2003-ஐப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்றால், இன்று தளத்தில் கிடைக்கும் அட்டவணையை எடுக்காதீர்கள். 2003 இலையுதிர் காலத்தில் ஆணையம் பயன்படுத்திய எண்ணைத் தேடி எடுங்கள். அது ஆணையத்தின் அன்றைய பரிந்துரை ஆவணத்திலேயே இருக்கும். என் மேசையில் இப்போதும் எந்த அட்டவணையை அச்செடுத்தாலும், மேல் ஓரத்தில் எடுத்த தேதியைக் கையால் எழுதிவிட்டுத்தான் படிக்கத் தொடங்குகிறேன்.

மொழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்றியத்தில் 24 அலுவல் மொழிகள் உண்டு, எல்லாவற்றிலும் சட்டங்கள் வெளியாகின்றன, ஆகவே ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பட்டம் பெறுவதில் தடையில்லை. ஆனாலும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதானால் பிரெஞ்சு என்பேன். ஒன்றிய நீதிமன்றத்தின் நீதிபதிகள் தங்களுக்குள் கலந்தாய்வு செய்வது அந்த மொழியில்தான். நீங்கள் நெதர்லாந்தில் இருக்கிறீர்கள், அங்கேயே வேலை தேடும் எண்ணம் இருந்தால் டச்சு மொழிதான் முதலில்.

வேலையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் முகவர்கள் இதைச் சொல்வதில்லை. ஒன்றிய நிறுவனங்களின் நிரந்தர அதிகாரியாக, உறுப்பு நாடு ஒன்றின் குடியுரிமை வேண்டும். ஆணையத்தில் மார்ச்சிலும் அக்டோபரிலும் தொடங்கும் ஐந்து மாதப் பயிற்சிப் பணியில் வெளிநாட்டவருக்குச் சில இடங்கள் உண்டு, போட்டி மிகக் கடுமையாக இருக்கும். மற்றபடி ஆய்வு நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், வணிகச் சங்கங்கள், வங்கிகளின் ஒழுங்குமுறைப் பிரிவுகள் ஆகியவைதான் வாசல்கள். நெதர்லாந்தில் படிப்பு முடிந்ததும் வேலை தேட ஓராண்டு அனுமதி கிடைக்கும். இந்தியாவுக்குத் திரும்பினாலும் இந்த அறிவுக்கு இடமுண்டு. இரும்பு, அலுமினியம், சிமெண்ட் போன்ற இறக்குமதிகள் மீது ஒன்றியம் கொண்டுவந்துள்ள எல்லைக் கார்பன் வரி முறையைப் புரிந்து, நம் ஏற்றுமதியாளர்களுக்கு விளக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதற்குப் புள்ளியியல் வேண்டும். விருப்பப் பாடம் ஒன்று பாக்கி இருந்தால் பொருளாதார அளவியலை (எகனாமெட்ரிக்ஸ்) எடுங்கள், கடினம் என்று விட்டுவிடாதீர்கள்.

வைகைக்கரை

கொல்லிமலை ஐயாவுக்கும், பாசையூர் அண்ணாவுக்கும், ஏட்டுச்சுவடி அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு ஐயா சொன்னபடி தாளில் எடைகளை எழுதிக் கூட்டினேன். 40 என்று வந்தபோது, சரிதானா என்று மறுபடியும் கூட்டினேன். இரண்டு வகுப்புகளும் ஒரே தாளில் வந்து உட்கார்ந்ததை முதன்முறையாகப் பார்த்தேன்.

இதில் வியப்பு என்னவென்றால், சென்ற வாரம் அரசியல் வகுப்பில் அமைச்சர் மன்றத்தின் மாதிரி அமர்வு நடந்தது, எனக்கு மால்டா கிடைத்தது. ஆறு லட்சம் மக்கள்கூட இல்லாத நாடு. சாதாரணச் சட்டம் என்றால் 27-இல் 15 நாடுகளும் மக்கள்தொகையில் 65 சதவீதமும் வேண்டும் என்பதால் என் பெயர்ப் பலகையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதியத்திற்குப் பிறகு நிறுவன வரி பற்றிய வரைவு வந்தது. வரி என்றால் ஒருமனதான ஒப்புதல் வேண்டும். தேநீர் இடைவேளையில் ஜெர்மனியாகவும் பிரான்ஸாகவும் இருந்த மாணவர்கள் என் நாற்காலிக்கே வந்து, என்ன கொடுத்தால் ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டார்கள். அன்று அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். இப்போது அதுவே என் கட்டுரையின் கேள்வி என்று தோன்றுகிறது. எந்த விதியின் கீழ் வாக்கெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, 3 என்ற எண்ணின் பொருளே மாறுகிறது அல்லவா?

2003 நவம்பர் 25-ஐயே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் இருக்கின்றன. போர்ச்சுகல் முந்தைய ஆண்டே இதே நடவடிக்கைக்கு ஆளாகி, செலவைக் குறைத்துச் சிரமப்பட்ட நாடு. அது ஏன் பெரிய நாடுகளை விட்டுவிட ஒப்புக்கொண்டது? அந்தத் தீர்மானத்திற்குப் பிறகு என்ன நடந்தது?

கொல்லிமலை

நல்ல கேள்வி. நானும் இதை என் மாணவர்களிடம் கேட்பதுண்டு. நாம் பட்ட கஷ்டத்தை அவர்களும் படட்டும் என்று போர்ச்சுகல் நினைத்திருக்கலாம் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால் பற்றாக்குறை மறுபடியும் வரம்பைத் தாண்டும் ஆபத்தில் இருக்கும் ஒரு நாடு, விதி இறுகுவதை விரும்புமா, தளர்வதை விரும்புமா? இத்தாலியையும் கிரீஸையும் இதே கேள்வியோடு பாருங்கள். எதிர்த்த நான்கில் ஸ்பெயினும் பின்லாந்தும் அன்று கணக்கைச் சமன்செய்து வைத்திருந்தவை. நெதர்லாந்தைத் தனியாகக் கவனியுங்கள்: விதியைக் காக்க மிக உரக்கப் பேசிய அந்நாட்டின் சொந்தப் பற்றாக்குறையே 2003-இல் 3 சதவீதத்தைத் தாண்டியது தெரியவந்து, 2004-இல் அதன் மீதும் நடவடிக்கை தொடங்கியது. அவர்கள் உடனே செலவைக் குறைத்துச் சரிசெய்தார்கள். ஹாஸுக்கும் மொராவ்சிக்குக்கும் இடையிலான விவாதத்தை இந்த 12 நாடுகளின் வாக்குகளை வைத்தே நீங்கள் நடத்தலாம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆணையம் அமைச்சர் மன்றத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2004 ஜூலை 13-இல் லக்சம்பர்க்கில் ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிந்துரைக்குப் பெரும்பான்மை கிடைக்காமல் போவதை நீதிமன்றம் தடுக்க முடியாது. ஆனால் ஒப்பந்தம் வகுத்த வழியை விட்டுவிட்டு நடவடிக்கையை நிறுத்திவைக்கும் புதுத் தீர்மானம் ஒன்றை மன்றம் தானாக உருவாக்க முடியாது என்று கூறி, அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தது. 2005-இல் விதிகள் தளர்த்தப்பட்டன. கிரீஸ் நெருக்கடிக்குப் பிறகு 2011-இல் வாக்கெடுப்பையே தலைகீழாக்கினார்கள். யூரோ நாடுகளின் மீதான அபராதப் பரிந்துரைகளில், ஆணையம் சொன்னதை நிறைவேற்றப் பெரும்பான்மை தேட வேண்டியதில்லை. பத்து நாட்களுக்குள் தகுதிப் பெரும்பான்மையோடு, அதாவது விதி கேட்கும் உயர்ந்த பங்கு வாக்குகளோடு, மன்றம் நிராகரிக்காவிட்டால் அது நிறைவேறியதாகவே கொள்ளப்படும். அப்படியும் 2016-இல் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் வந்த அபராதம் பூச்சியம்.

இப்போது 2003-இன் அதே 12 நாடுகளையும் அதே 70 வாக்குகளையும் எடுத்து, தலைகீழ் விதியின்படி மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். ஜெர்மனியைக் காப்பாற்ற அன்று வேண்டியிருந்தது 21 வாக்குகள். புதிய விதியில் எத்தனை வேண்டியிருந்திருக்கும் என்பதையும், அவற்றை யார் கொடுத்திருப்பார்கள் என்பதையும் ஒரு பத்தியாக எழுதுங்கள். நீதிமன்றத் தீர்ப்பின் வழக்கு எண் சி-27/04. அதன் தொடக்கத்தில் நிகழ்வுகளை வரிசையாகச் சொல்லும் பகுதியை முதலில் வாசித்துவிட்டு எழுத உட்காருங்கள். வரைவு முடிந்ததும் இங்கே இடுங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன்.